இருபது கிராம் புரதத்தின் விலை

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். அந்த ஒரு கிலோவில் ஏறத்தாழ 220 கிராம் புரதம் இருக்கிறது. அதே அளவு புரதத்தைப் புரோட்டீன் பாராக வாங்க வேண்டுமானால், பாருக்கு 20 கிராம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் பதினோரு பார் வேண்டும். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் குறையாது. ரேஷன் பருப்பு அரசு மானியத்தில் வருவது, வெளிக்கடையில் நான்கைந்து மடங்கு விலை என்பது உண்மைதான். அப்படிப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. காரைக்குடியில் இரண்டும் நடக்கும் தூரத்தில் கிடைக்கின்றன. செக்காலைப் பக்கமும் கல்லூரிச் சாலையிலும் மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட், ஜிம் வரவேற்பு மேசை என எங்கும் பளபளக்கும் உறையில் பார்கள் அடுக்கியிருக்கின்றன. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். இந்தச் செலவு அவர்கள் உடம்புக்கு எதைத் தருகிறது, புரதம் உண்மையாகவே குறைந்திருக்கிறவர்கள் யார், அவர்களை இந்தச் சந்தை ஏன் எட்டவில்லை என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் பார் வாங்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

தேவை எவ்வளவு என்பதிலிருந்து தொடங்கலாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். இது உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கான அளவு, எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இது போதாது என்று ஜிம்மில் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 2018-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 49 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,863 பேரையும் சேர்த்துப் பார்த்தது. எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்குத் தசை கொஞ்சம் அதிகமாகவே கூடியது. ஆனால் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற அளவைத் தாண்டிய பிறகு, மேலும் எடுத்த புரதத்தால் பலன் கூடவில்லை. கூடுதல் புரதத்தால் கிடைத்த லாபம் சராசரியாக 0.3 கிலோ தசை. மற்றதெல்லாம் பயிற்சியால் வந்தது. உறையில் அச்சிட்ட கட்டுமஸ்தான உடம்பைப் பார்த்து வாங்குகிற பையன் இந்த 300 கிராமைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் உழைப்பெல்லாம் வீண் என்ற அச்சம் ஒன்றும் ஜிம்களில் உலவுகிறது. ஜிம் வாசலிலேயே பார் விற்பதற்கு அடிப்படை இந்த அச்சம்தான். ஷோன்ஃபீல்டும் அரகானும் 2013-இல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நாள் முழுவதும் சாப்பிட்ட மொத்தப் புரதத்தைக் கணக்கில் கொண்டதும் நேரத்தின் தாக்கம் மறைந்துபோனது. எட்டு மணிக்கு ஜிம்மை விட்டுக் கிளம்பி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு முட்டையும் இட்லியும் சாப்பிடுகிறவர் எதையும் இழந்துவிடவில்லை.

சரி, 65 கிலோ எடையுள்ள காரைக்குடி இளைஞர் ஒருவர் தீவிரமாகவே பயிற்சி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 104 கிராம் புரதம் வேண்டும். வீட்டுச் சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது? காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும் சேர்ந்தால் 12 கிராம். மதியம் சோறு, பருப்புக் குழம்பு, ஒரு காய், தயிர் எல்லாம் சேர்த்து 27 கிராம் வரை வரும். இரவு மூன்று தோசையும் சட்னியும் 10 கிராம். ஒரு தம்ளர் பால் 6 கிராம். மொத்தம் 55. கறியோ மீனோ இல்லாத நாளிலும் சாதாரணத் தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடுகிறது. பயிற்சிக்காக இன்னும் 50 கிராம் வேண்டும். மூன்று முட்டையில் 18 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 9 அல்லது 10 கிராம், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையில் 7 கிராம், குழம்பில் போட்ட 30 கிராம் மீல் மேக்கரில் 15 கிராம். கணக்கு முடிந்துவிட்டது. செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. இந்த 50 கிராமைப் பாராக வாங்கினால் இருநூற்றைம்பது ரூபாயிலிருந்து முந்நூறு வரை ஆகும். மாதத்துக்கு எட்டாயிரம். இந்த ஊர்க் கடைகளில் வேலை பார்க்கும் பல இளைஞர்களின் மாதச் சம்பளத்தில் அது பெரும் பங்கு.

பாரின் பக்கத்து வாதத்தையும் சொல்ல வேண்டும். நிலக்கடலையில் புரதம் நூற்றுக்கு இருபத்தைந்து என்றாலும் எண்ணெயும் நிறைய. 20 கிராம் புரதத்துக்காக 80 கிராம் கடலை சாப்பிட்டால் 450 கலோரி சேர்ந்துவிடும். 20 கிராம் புரதம் தரும் பாரில் பொதுவாக 200 முதல் 300 கலோரிதான். எடை குறைக்க நினைக்கிறவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடு. ஆனால் அவருக்கும் பார்தான் ஒரே வழி என்றில்லை. மூன்று முட்டையில் ஏறக்குறைய அதே புரதம் 230 கலோரிக்குள் அடங்குகிறது. 40 கிராம் மீல் மேக்கரில் 20 கிராம் புரதம், கலோரி 140-க்குள், விலை பத்து ரூபாய்க்குள். சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்யப்படும் இந்த எளிய உருண்டையை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை. அதே சோயாப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் சாக்லேட் பூசினால்தான் அது ‘ஃபிட்னஸ்’ உணவாகிறது.

பாருக்குள் இருப்பது என்ன என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஏமாற்றமும் தெளிவும் அங்கேதான் இருக்கின்றன. உணவுப் பொட்டலங்களில் மூலப்பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பல பார்களில் முதலிடத்தில் புரதக் கலவை இருக்கும்: பாலாடைக்கட்டி செய்தபின் வடியும் நீரிலிருந்து எடுத்த வே புரதம், சோயாப் புரதம், பால் புரதம். அடுத்து நார்ச்சத்துக் கணக்கைக் கூட்டிக் காட்டவும் இனிப்புக்காகவும் சேர்க்கும் இனுலின் அல்லது ஃபிரக்டோ ஒலிகோ சர்க்கரைடு, பார் இறுகிப்போகாமல் மென்மையாக வைத்திருக்கும் கிளிசரின், சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுத உதவும் மால்டிட்டால், மேலே பூசும் கலவைச் சாக்லேட்டில் பாமாயில் வகைக் கொழுப்பு. சில பார்களில் கொலாஜன் இருக்கும். கொலாஜனில் டிரிப்டோபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அறவே கிடையாது. உலக உணவு வேளாண் அமைப்பின் தர அளவுகோலில் அதன் மதிப்பு பூஜ்யம். ஆனால் பொட்டலத்தில் எழுதும் மொத்தப் புரதக் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும். முட்டையின் 20 கிராமும் கொலாஜன் கலந்த 20 கிராமும் உடம்புக்கு ஒன்றல்ல. மால்டிட்டால் போன்றவை அதிகம் இருந்தால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம் என்ற எச்சரிக்கையும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஒரே நாளில் மூன்று பார் தின்றவர்களுக்கு அதன் பொருள் அனுபவத்திலேயே விளங்கியிருக்கும்.

‘புரதம் நிறைந்தது’ என்று எழுத இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதி ஓர் அளவு வைத்திருக்கிறது. திட உணவானால் 100 கிராமில் அன்றாடப் பரிந்துரை அளவின் 20 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். அதாவது 11 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த அளவை வைத்துக்கொண்டு செட்டிநாட்டுப் பலகாரத் தட்டைப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கடலையும் ஒரு பங்கு வெல்லமுமாகச் செய்த கடலை மிட்டாயில் 100 கிராமுக்கு 16 கிராம் புரதம். பாசிப்பருப்பை வறுத்துத் திரித்துச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடிக்கும் மாவுருண்டையில், பருப்புப் பாதி என்று கொண்டாலும் 12 கிராம். பொருள்விளங்கா உருண்டையும் ஆடிக் கும்மாயத்துக்கான உளுந்து மாவும் இதற்குச் சளைத்தவை அல்ல. கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் குடும்பங்களில், நாட்பட இருந்தாலும் கெடாத உருண்டைகள் பயணத்துக்கு உகந்த உணவாக இருந்தன. இன்றைக்கும் காரைக்குடிப் பலகாரக் கடைகளில் ஆச்சிமார்கள் செய்யும் மாவுருண்டையும் சீப்புச் சீடையும் கடல் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன.

இதைச் சொல்வது பழையதெல்லாம் உயர்ந்தது என்று நிறுவுவதற்காக அல்ல. மாவுருண்டையில் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து எடையில் பாதி. கடலை மிட்டாயில் மூன்றில் ஒரு பங்கு வெல்லம். விதிப்படி ‘புரதம் நிறைந்தது’ என்று எழுதிக்கொள்ளலாம் என்பதால் இவை தினமும் நாலைந்து தின்ன வேண்டிய பண்டங்கள் ஆகிவிடாது. என் வாதம் வேறு. அந்தச் சொல்லுக்கான தகுதியை ஒரு மிட்டாயே எட்டிவிடும் என்றால், அதை நம்பி நூற்றிருபது ரூபாய் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

அதே கண்டிப்போடு நம் பக்கத்துப் புதுச் சந்தையையும் பார்க்க வேண்டும். கருப்புக் கவுனி ஹெல்த் மிக்ஸ், சிறுதானியப் புரோட்டீன் லட்டு, பாரம்பரியச் சத்துமாவு என்று அழகான டப்பாக்களில் நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். செட்டிநாட்டில் கவுனி அரிசி விசேஷ நாட்களில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துச் செய்யும் இனிப்பு. அதன் நிறத்துக்கும் நார்ச்சத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் எந்த அரிசியையும் போல அதிலும் புரதம் நூற்றுக்குப் பத்துக்குள்தான். பாரை வெள்ளைக்காரச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டு, அதே விலைக்குக் கவுனி டப்பாவை வாங்குகிறவர் தப்பித்துவிடவில்லை. அவரும் அதே கடையில்தான் நிற்கிறார்.

இந்தச் சந்தையின் வயது பலருக்கும் தெரியாது. 1867-இல் பிரஷியாவில் பிறந்த யூஜின் சாண்டோ, தன் உடம்பையே காட்சியாக்கிப் புகழ்பெற்ற முதல் மனிதர்களில் ஒருவர். 1904-05-இல் இந்தியாவுக்கும் வந்தார். அவருடைய பெயர் தமிழ்நாட்டில் பனியனுக்கும், படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கும் பட்டமாக ஒட்டிக்கொண்டது. அந்தச் சாண்டோ, பாலிலிருந்து எடுத்த ‘பிளாஸ்மான்’ என்ற புரதப் பொடிக்கு நூறாண்டுக்கு முன்பே விளம்பர முகமாக இருந்தார். பிறகு தன் பெயரிலேயே கோகோ பானமும் விற்றார். அடுத்த தலைமுறையில் அமெரிக்காவின் யார்க் பார்பெல் நிறுவனத்தை நடத்திய பாப் ஹாஃப்மன் எடைக்கருவிகளும் விற்றார், உடற்பயிற்சி இதழும் நடத்தினார். 1950-களின் தொடக்கத்தில் தன் இதழில் ஒருவர் புரதப் பொடிக்கு விளம்பரம் செய்து வெற்றி பெறுவதைக் கண்டதும், சோயா மாவில் ‘ஹை-புரோட்டீன்’ என்று தானே செய்து அதே இதழில் விற்கத் தொடங்கினார். அறிவுரை சொல்கிறவரும் சரக்கு விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும் ஏற்பாடு அங்கே நிலைபெற்றது. இன்று செல்பேசித் திரையில் பயிற்சி சொல்லித்தரும் பிரபலம் வீடியோவின் முடிவில் தள்ளுபடிக் குறியீடு தருவது அதே ஏற்பாட்டின் தொடர்ச்சி.

பார் அதற்குப் பிறகு வந்தது. கனடா மாரத்தான் வீரர் பிரையன் மேக்ஸ்வெல் 1983 லண்டன் ஓட்டத்தின் கடைசி மைல்களில் சோர்ந்து பின்தங்கினார். நீண்ட ஓட்டத்தின் நடுவே சாப்பிடக்கூடிய ஒன்று வேண்டும் என்று தேடி, 1986-இல் ‘பவர்பார்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அது மாவுச்சத்து மிகுந்த பார், நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கானது. 2000-இல் அதை நெஸ்லே வாங்கியது. ஓடுகிறவர்களைவிட ஓடாதவர்கள் பல மடங்கு என்பதால் பார் மெல்ல அலுவலகப் பைக்கும் கைப்பைக்கும் இடம் மாறியது, மாவுச்சத்தின் இடத்தில் புரதம் வந்தது. இந்தியாவிலும் இதே பாதைதான். பெங்களூரில் தொடங்கிய ‘யோகா பார்’ நிறுவனத்தில் 2023-இல் ஐ.டி.சி. பங்கு வாங்கியது. ‘ரைட்பைட் மேக்ஸ் புரோட்டீன்’ பார்களைச் செய்யும் நேச்சுரெல் நிறுவனத்தைச் சுமார் 390 கோடி ரூபாய்க்கு 2024-இல் சைடஸ் வெல்னஸ் வாங்கியது. சிகரெட், பிஸ்கட், சர்க்கரை மாற்று விற்ற நிறுவனங்கள் இந்தத் துறைக்கு வருவது, இதில் எவ்வளவு லாபத்தை எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

நம் வீடுகளுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போவது இரண்டு தலைமுறை வழக்கம். 2024-இல் அதற்கான ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகைப்பெயரையே நிறுவனம் கைவிட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டில் நம் தாய்மார்கள் கொடுத்த பணம் திரும்பி வராது.

புரதத்தைப் பற்றிய பெரும் பதற்றம் ஒன்றும் முன்பே ஒரு முறை உலகை ஆட்டியிருக்கிறது. அந்தக் கதையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1968-இல் ஐ.நா. ஆவணம் ஒன்று, உலகம் புரத நெருக்கடியை நோக்கிப் போகிறது என்று அறிவித்தது. ஏழை நாட்டுக் குழந்தைகளின் மெலிவுக்குப் புரதக் குறைவே காரணம் என்று நம்பி, மீன் மாவு முதல் பாசி வரை எத்தனையோ புரதச் செறிவுகளில் பணம் கொட்டப்பட்டது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம்கூட நிலக்கடலை மாவும் பொட்டுக்கடலை மாவும் முக்காலும் காலுமாகக் கலந்த ‘பல்நோக்கு உணவு’ ஒன்றை உருவாக்கியிருந்தது. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பணிக்குச் சேர்ந்து, அது ஹைதராபாத்துக்கு மாறிய பிறகு அதன் இயக்குநரானவர். இந்தியக் குழந்தைகள் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாக அளந்து பார்த்து அவர் சொன்னது எளிமையானது. இந்தக் குழந்தைகளுக்கு முதலில் போதாதது சாப்பாடு. வழக்கமான தானியமும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் தானே கிடைத்துவிடும். 1974-இல் டொனால்டு மெக்லாரன் ‘லான்செட்’ இதழில் அந்தக் காலகட்டத்தையே மாபெரும் புரதத் தோல்வி என்று எழுதினார்.

அந்தத் தீர்ப்பை இன்றைக்கு அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. நிலைமை மாறிவிட்டது. 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்தியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாகக் கிராமத்தில் 61.8 கிராம், நகரத்தில் 63.4 கிராம் புரதம் சாப்பிடுகிறார். சராசரியில் பெரும் பஞ்சம் இல்லை. ஆனால் அதில் பெரும் பங்கு அரிசி, கோதுமை போன்ற தானியங்களிலிருந்து வருவது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்போடு சேரும்போதுதான் அது சரியாகிறது. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, நாடெங்கும் மக்களின் உணவை அலசி 2025-இல் வெளியிட்ட முடிவில், நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்கிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம். மாவுச்சத்தில் ஐந்து சதவீதக் கலோரியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு அல்லது பால் புரதம் சேர்ந்தால் நீரிழிவு வரும் வாய்ப்பு குறைகிறது என்பது அவர்கள் கண்டது. பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு உள்ள தமிழ்நாட்டுக்கு இதைவிட அவசரமான உணவுச் செய்தி கிடையாது. எனவே ‘புரதத்தைக் கூட்டுங்கள்’ என்று விளம்பரம் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சோற்றைக் குறைத்து, குழம்பில் பருப்பைக் கூட்டச் சொல்வது அந்த உண்மை. சோறு அப்படியே இருக்க, மேலே ஒரு பாரையும் சேர்த்துத் தின்பது அந்த ஆய்வு சொன்ன மாற்றம் அல்ல.

குறைவு யாருக்கு என்ற கேள்வியில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை, அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை மிகுந்தவர்கள். ஒரே தெருவில் இரண்டும் இருக்கிறது, பல சமயம் ஒரே வீட்டில். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய குழம்பில் பருப்பில்லாத தெளிவை ஊற்றிச் சாப்பிடுகிற பெண்ணுக்குப் புரதக் குறைவு உண்மையானது. அவளுக்காக எந்த நிறுவனமும் பார் செய்யவில்லை. அவளுடைய பிள்ளைக்குப் பயன்பட்டது அரசின் சத்துணவு. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டத்தில் 1989-இல் கலைஞர் முட்டையைச் சேர்த்தார். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, படிப்படியாகக் கூடி 2010-இலிருந்து வாரத்துக்கு ஐந்து. நாமக்கல்லில் இருந்து வரும் அந்த முட்டைதான் தமிழ்நாட்டு வரலாற்றின் மிகப் பெரிய புரதத் திட்டம் என்பேன். அதற்கு ஒரு விளம்பரத் தூதரும் தேவைப்படவில்லை.

ஜிம் பண்பாட்டுக்கு வருவோம். உடம்பை வளர்ப்பது இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. சிறாவயல் மஞ்சுவிரட்டில் காளைக்கு முன் நிற்கிற இளைஞரும், தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்குத் தூக்கியவர்களும், சிலம்பம் சுற்றியவர்களும் உடம்பின் வலிமையைப் பெருமையாகக் கொண்டவர்களே. அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியிலிருந்து பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தமிழகமெங்கும் போயிருக்கிறார்கள். அந்த வலிமைக்கும் இன்றைய ஜிம்முக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு எதையெல்லாம் வாங்க வேண்டியிருக்கிறது என்பதில்தான். சந்தா, காலணி, கையுறை, கைக்கடிகாரம், ஷேக்கர், வே டப்பா, கிரியேட்டின், பயிற்சிக்கு முந்தைய பானம், இடைவேளைக்குப் பார். முதல் மாதத்திலேயே இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. சப்ளிமென்ட் விற்பனையில் பயிற்சியாளருக்குப் பங்கு கிடைப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. சந்தாவில் வரும் வருமானம் போதாமல்தான் பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் அதன் விளைவை அனுபவிப்பவர், கடன் வாங்கி டப்பா வாங்கிய பையன். மூன்று மாதத்தில் உடம்பு மாறாதபோது பயிற்சியைக் குறை சொல்லாமல், வாங்காமல் விட்ட அடுத்த பொருளைக் குறை சொல்லும்படி அவன் பழக்கப்படுத்தப்படுகிறான். பிறகு ஜிம்மையே விட்டுவிடுகிறான். உடற்பயிற்சி இதயத்துக்கும் எலும்புக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் தரும் பலன் புரதத்தின் பலனைவிடப் பெரிது. காசில்லாமல் அதை அவன் இழப்பதுதான் இந்த நுகர்வுப் பழக்கத்தின் உண்மையான கேடு.

வாங்கும் பொருளிலும் நம்பிக்கை வைக்க முடியவில்லை. கொச்சியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸும் உடன் ஆய்வாளர்களும் தங்கள் சொந்தப் பணத்தில் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பொடிகளில் உறையில் எழுதிய புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சு, சிலவற்றில் பூச்சிக்கொல்லி எச்சம். இது பொடிகளைப் பற்றிய ஆய்வு, பார்களைப் பற்றியதல்ல. ஆனால் மூலப்பொருள் ஒரே சந்தையிலிருந்து வருவது. அதே ஆண்டு மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசை வளர்க்கப் புரதச் சப்ளிமென்ட்டுகளைத் தவிர்க்கும்படி சொன்னது. சேர்த்த சர்க்கரை, செயற்கை இனிப்பு, சுவையூட்டி ஆகியவற்றை அது காரணமாகக் காட்டியது. வழிகாட்டி சற்று அதிகமாகவே எச்சரிக்கிறது என்று விளையாட்டு மருத்துவர்கள் சிலர் சொல்வதையும் நான் ஏற்கிறேன். நல்ல வே புரதம் ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இவ்வளவு பரவிய மாநிலத்தில், தன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமலேயே நாற்பது வயதில் ஜிம்முக்கு வந்து கிலோவுக்கு இரண்டு கிராம் என்று தொடங்குபவர்கள் ஏராளம். சில நூறு ரூபாயில் முடியும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அவர்களுக்கு முதல் டப்பாவைவிட முக்கியம்.

அப்படியானால் பாரை எப்போது வாங்கலாம்? இரவு வேலை முடிந்து பேருந்து நிலையத்தில் நிற்கிறவருக்கு எதிரே இருப்பவை பஜ்ஜியும் பப்ஸும் க்ரீம் பிஸ்கட்டும்தான் என்றால் பார் மேல். ரயிலில் நீண்ட பயணம் போகிறவர், அடுப்பில்லாத விடுதி அறையில் தங்கிப் படிக்கிறவர், போட்டிக்காக எடையைக் கட்டுப்படுத்துகிற வீரர் ஆகியோருக்கு அது உதவும். அப்போதும் 100 கிராமில் எவ்வளவு என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, ஒரு பாரில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்பதைப் பார்க்க வேண்டும். புரதம் பத்து கிராமுக்குக் கீழே இருந்தால் அது மிட்டாய். மிட்டாய் விலைக்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். உடம்பு ஏற வேண்டும் என்பதற்காகத் தினமும் பார் வாங்குவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

புரதம் உண்மையாகவே கூடுதலாக வேண்டிய ஒரு கூட்டம் செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஐயாக்களும் ஆச்சிகளும். அவ்வளவு வசதி இல்லாத வீடுகளிலும் முதியவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். வயதானால் தசை கரையும். தடுமாறி விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் அதோடு வருவன. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013-இல் பன்னாட்டு மருத்துவர் குழு பரிந்துரைத்தது. அதாவது இளைஞரின் சாதாரணத் தேவையைவிட அதிகம். ஆனால் பசி குறைந்து, பல் போய், தனக்கு ஒருத்திக்காக என்ன சமையல் என்று ரசச் சோற்றோடும் இரண்டு இட்லியோடும் நாளை முடித்துக்கொள்கிறவர்கள் இவர்கள். 55 கிலோ எடையுள்ள ஆச்சிக்கு 60 கிராம் வேண்டும். கிடைப்பது முப்பதைத் தாண்டினால் அதிகம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டியில் புரதப் பொடி வாங்கி வருகிறார்கள். இனிப்பும் வாசனையும் பிடிக்காமல் அது அலமாரியிலேயே இருந்து காலாவதியாகிறது.

அவர்களுக்கு வேண்டியது பழகிய சுவையில், மெல்லாமல் விழுங்கக்கூடிய சாப்பாடு. சோற்றுக்கு மேல் கரண்டி நிறையக் கடைந்த பாசிப்பருப்பு, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வேகவைத்து மசித்த முட்டை இரண்டு, காலையில் உளுந்தங்கஞ்சி, மதியம் கெட்டித் தயிர். இரண்டு முட்டை பதின்மூன்று, பதினான்கு ரூபாய்க்குள் அடங்கும். கால் லிட்டர் ஆவின் நீலப் பாக்கெட் பாலின் தயிர் பத்து ரூபாய். இரண்டும் சேர்ந்தால் இருபது கிராம் புரதம், ஒரு பாரில் இருப்பது அதே அளவு. அதைத் தினமும் செய்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பொடிக்கும் பாருக்கும் அனுப்புகிற பணத்தில் பக்கத்துத் தெருவில் சமைத்துத் தர ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ள இந்த ஊர்களில் இன்னும் முடிகிறது.